கலியாணச் சீட்டில் முதல் வரி எது?



ரமலான் கழிந்து ஷவ்வால் பிறை கண்டுவிட்டால் நம் ஊர்களில் நிக்காஹ் காலம் தொடங்கிவிடும். அத்தகைய ஒரு ஷவ்வாலில் ஒரு தகப்பனார் கையில் ஒரு சீட்டுடன் என்னைத் தேடி வந்தார். மகனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டார்கள். நாள் குறிக்க வேண்டும். கூடவே ஒரு யோசனையும் கேட்க வேண்டும் என்றார்.

"ஹஜ்ரத்! நானும் மகனும் சேர்த்து வைத்தது நாலு லட்சம். சீட்டுப் போட்டால் ஏழு லட்சம் வருகிறது. வீட்டிலுள்ளவளின் நகையை அடகு வைத்தால் மீதி மூணு லட்சத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் வட்டி என்பதுதான் மனதை உறுத்துகிறது. எதைக் குறைப்பதென்று தெரியவில்லை; நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது இதுதான்:

மண்டப வாடகை – ரூ. 90,000
800 பேருக்கு விருந்து – ரூ. 2,40,000
பெண்ணுக்கு நகை, புடவை – ரூ. 1,50,000
மேடை அலங்காரம், விளக்கு – ரூ. 60,000
போட்டோ, வீடியோ – ரூ. 60,000
நிச்சயம், மறுவீட்டுச் செலவு – ரூ. 50,000
அழைப்பிதழ் – ரூ. 25,000
வண்டி வாகனம் – ரூ. 25,000

மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்துவிட்டு, "எல்லாம் இருக்கிறது பாய், மஹர் எங்கே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "அதற்கென்ன ஹஜ்ரத், ஊர் வழக்கப்படி ஒரு தொகையைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். இப்போதே கொடுக்கவா போகிறோம்?" என்றார்.

அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஐங்காலத் தொழுகையாளி; பிறர் காசுக்கு ஆசைப்படாதவர். ஆயினும் அவருடைய சீட்டில் மேடை விளக்குக்கு இடம் இருந்தது. அல்லாஹ் கடமையாக்கிய மஹருக்கு ஒரு வரி இல்லை. நம்மில் பலருடைய வீட்டுச் சீட்டும் இப்படித்தான் இருக்கிறது. பணம் போதாதபோது எதைக் குறைப்பது என்று தவிக்கிறோம். எதை முதலில் எழுதுவது என்று தெரிந்துகொண்டால் அந்தத் தவிப்பில் பாதி தீர்ந்துவிடும். அதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. நிக்காஹுக்கு வேண்டியவை

ஷாஃபிஈ மத்ஹபின்படி நிக்காஹின் ருக்னுகள் ஐந்து: மணமகன், மணமகள், வலீ, இரு சாட்சிகள், ஈஜாபு–கபூல் எனும் ஒப்புதல் மொழி. ஹனஃபி மத்ஹபில் சில விவரங்களில் வேறுபாடு உண்டு. எனினும் ஒன்றில் வேறுபாடு இல்லை. இவற்றுள் எதுவும் காசு கொடுத்து வாங்கும் பொருள் அன்று. மண்டபம் இல்லாவிட்டாலும் நிக்காஹ் கூடும். மாலை இல்லாவிட்டாலும் கூடும். அழைப்பிதழ் அச்சடிக்காவிட்டாலும் கூடும்.

எனவே செலவு என்று வரும்போது ஷரீஅத் வகுத்த படிகளையே நம் பணப்பைக்கும் படிகளாக வைத்துக்கொள்ள வேண்டும். கடமை முதலில்; அதன்பின் சுன்னத்து; அதன்பின் ஆகுமானவை. விலக்கப்பட்டவற்றுக்குச் சீட்டில் இடமே இல்லை. மேற்படி நிறைந்த பிறகே கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும். கடமைக்குரிய பணத்தை எடுத்து ஆகுமானதற்குச் செலவிடுவது, தொழுகையை விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பதைப் போன்றதாகும்.

2. முதல் வரி: மஹர்

பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு திருமறையின் 4-ஆம் அத்தியாயம் 4-ஆம் வசனம் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. நிக்காஹின்போது மஹரைக் குறிப்பிட மறந்துவிட்டாலும் அது நீங்கிவிடாது. அப்பெண்ணின் குடும்பத்தில் அவளைப் போன்றவர்களுக்குக் கொடுக்கப்படும் அளவு, அதாவது மஹர் மிஸ்ல், கணவன்மீது கடமையாகிவிடும்.

அளவு எவ்வளவு? ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தபட்ச அளவு இல்லை. விலை மதிப்புள்ள எதுவும் மஹராகலாம். ஹனஃபி மத்ஹபில் பத்து திர்ஹத்திற்குக் குறையக் கூடாது; அது சுமார் 30 கிராம் வெள்ளியாகும். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியருக்கு அளித்த மஹர் பன்னிரண்டரை ஊக்கியா, அதாவது 500 திர்ஹம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. இன்றைய நிறையில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. அளவுக்கு மீறிய பெருந்தொகையும் அன்று. பெயருக்கு எழுதும் சில்லறையும் அன்று.

"நாங்கள் ஏழைகள், எங்களிடம் எங்கே மஹர்?" என்று சிலர் கேட்பதுண்டு. புகாரியில் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியைக் கவனியுங்கள். உடுத்தியிருந்த ஒரு வேட்டியைத் தவிர ஏதுமில்லாத ஒரு தோழர் நிக்காஹுக்கு முன்வந்தார். இரும்பு மோதிரமாவது கிடைக்கிறதா எனத் தேடிப் பார்க்கும்படி அவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அதுவும் கிடைக்கவில்லை. இறுதியில், அவருக்கு மனனமாயிருந்த திருக்குர்ஆன் அத்தியாயங்களைக் கொண்டே நிக்காஹை முடித்துவைத்தார்கள். ஒன்றுமில்லாதவரிடமும் மஹரைப் பற்றிய கேள்வி முதலில் எழுந்தது; விருந்தைப் பற்றிய கேள்வி எழவில்லை. அலீ (ரலி) அவர்களும் தம்மிடமிருந்த போர்க்கவசத்தையே அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராகக் கொடுத்தார்கள்.

மஹரைப் பிறகு தருவதாக இரு தரப்பும் பேசிக்கொள்வதற்கு ஷரீஅத்தில் இடமுண்டு. ஆனால் அப்படிப் பேசிய நொடியிலேயே அது கடன். கணவன் இறந்துவிட்டால், வாரிசுகள் பங்கு பிரிக்குமுன் அவனது சொத்திலிருந்து முதலில் தீர்க்க வேண்டிய கடன்களில் அதுவும் ஒன்று. நம் வீடுகளில் நடப்பதென்ன? முதலிரவிலேயே "மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்" எனக் கேட்பார் உண்டு. அதைவிட வேதனையானது, ஜனாஸா வீட்டில் கிடக்க, அழுது சோர்ந்த விதவையிடம் பெண்கள் சென்று, "மஹரை ஹலாலாக்கிவிடு" என்று கேட்பது. அந்த வேளையில் எந்தப் பெண் இல்லையென்பாள்? மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது கணவனுக்கு ஆகுமாகும் என்று அதே வசனம் நிபந்தனை விதிக்கிறது. கூச்சத்தினாலும் துக்கத்தினாலும் வரும் சொல்லுக்கு மனமுவப்பு என்று பெயராகுமா?

இங்கே செலவைச் சுருக்கும் ஒரு வழியும் இருக்கிறது. மணமகன் வீட்டார் பெண்ணுக்கு எப்படியும் நகை போடுகிறார்கள். அந்த நகையையே மஹர் என்று பேசி, நிறையைக் குறிப்பிட்டு, நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில் எழுதி, சாட்சிகள் முன் கொடுத்துவிடலாம். கடமையும் நிறைவேறுகிறது, இரட்டைச் செலவும் இல்லை. இது யாருடைய நகை, இரவலா அன்பளிப்பா என்று பின்னால் எழும் வழக்கும் அடைபட்டுப் போகிறது.

3. இரண்டாம் வரி: குடித்தனம்

மனைவிக்கு உணவு, உடை, உறைவிடம் அளிப்பது கணவனின் கடமை. வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும், வருவாய் சுருங்கியவன் அல்லாஹ் கொடுத்த அளவிலிருந்தும் செலவிட வேண்டுமென்று 65-ஆம் அத்தியாயம் 7-ஆம் வசனம் கூறுகிறது. (இவ்வசனம் தலாக் விடப்பட்ட பெண்களைப் பற்றிய இடத்தில் வந்தாலும் அளவுகோல் பொதுவானது.)

ஆனால் கலியாணச் சீட்டில் இந்த வரியையும் யாரும் எழுதுவதில்லை. ஒரு பகற்பொழுதுக்கு மண்டபம் பிடிப்பவர்கள், மறுமாத வாடகைக்கு வழி வைப்பதில்லை. மணமகன் விருந்துக் கடனை அடைக்க வெளிநாடு போகிறான். மணமகள் மாமியார் வீட்டில் தனித்திருக்கிறாள். கடமையான குடித்தனம் கடமையல்லாத விருந்துக்குப் பலியாகிறது. வீட்டு முன்பணம், இரண்டு மாத வாடகை, அடுப்பு, பாத்திரம், படுக்கை ஆகிய இவை பந்தலுக்கு முன்னால் எழுதப்பட வேண்டியவை.

4. மூன்றாம் வரி: வலீமா

வலீமா வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. செலவைக் குறைக்கிறோம் என்று அதை அடியோடு விட்டுவிடுவது சரியன்று. ஆனால் சுன்னத்தாக்கப்பட்டது எதுவென்று பார்க்க வேண்டும். விருந்துதான் சுன்னத்து, எண்ணூறு பேர் சுன்னத்தல்ல.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் ஓர் அன்சாரிப் பெண்மணியை மணந்தார்கள். அவர்கள்மீது மஞ்சள் நிற வாசனைப் பொருளின் அடையாளத்தைக் கண்ட பிறகே பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்து, நிக்காஹ் நடந்த செய்தியை அறிந்தார்கள். ஒரே ஊரில், அவ்வளவு நெருங்கிய தோழர், முன்கூட்டி அழைக்கவில்லை! நாயகம் (ஸல்) அவர்கள் வருத்தப்படவில்லை. பரக்கத்துக்காக துஆச் செய்து, ஓர் ஆட்டை அறுத்தேனும் வலீமாக் கொடுக்குமாறு பணித்தார்கள். "அவரைக் கூப்பிடாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே" என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில், கைபரிலிருந்து திரும்பும் வழியில், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நடந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல்விரிப்பில் பேரீச்சம்பழமும் உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவுக்கு ஓர் ஆடு. மற்றொரு துணைவியாரின் வலீமாவுக்கு இரண்டு முத்து வாற்கோதுமை. இருப்பதற்கேற்ப விருந்து, இதுவே நாயக வழி.

செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே மிகக் கெட்ட உணவு என்ற எச்சரிக்கையும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. ஆகவே ஆட்களைக் குறைக்கும்போது ஏழையிலிருந்து குறைக்கத் தொடங்காதீர்கள். முதலில் இரத்த உறவு, அடுத்து அண்டை வீடு, அதோடு மஹல்லாவின் ஏழைகள். எஞ்சிய இடத்துக்குத்தான் வியாபாரப் பழக்கமும் தூரத்துச் சிநேகமும்.

விருந்துச் செலவென்பது தலைக்கணக்குதான். பிரியாணியில் இறைச்சியைக் குறைத்து மிச்சப்படுத்துவது சொற்பம்; பட்டியலில் நூறு பேரைக் குறைத்தால் அரிசி, ஆடு, பந்தல், நாற்காலி, பாத்திர வாடகை, பரிமாறும் கூலி அனைத்தும் ஒருசேரக் குறையும். சஹனில் கூடி உண்ணும் பழக்கம் உள்ள ஊர்களில் அதையே கடைப்பிடியுங்கள். சோறு வீணாவது குறையும். மீந்ததை அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வீடுகளையும் முன்னதாகவே குறித்து வையுங்கள்.

5. கடைசி வரி: ஆகுமானவை

புத்தாடை, மணமக்களை அலங்கரித்தல், மகிழ்ச்சியைத் தெரிவித்தல் ஆகியவற்றை மார்க்கம் தடுக்கவில்லை. நிக்காஹைப் பகிரங்கமாக நடத்த வேண்டுமென்றும் ஹதீதில் வந்துள்ளது. ஆனால் பகிரங்கத்துக்கு விலை வேண்டியதில்லை. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தால் ஊரே சாட்சி.

செலவிடும்போது விரயமும் செய்யாமல் கருமித்தனமும் செய்யாமல் நடுநிலையில் நிற்பவர்களை 25-ஆம் அத்தியாயம் 67-ஆம் வசனம் புகழ்கிறது. கையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றாக விரித்துவிடவும் வேண்டாம் என்ற கருத்தை 17-ஆம் அத்தியாயம் 29-ஆம் வசனம் தருகிறது. முதல் மூன்று வரிகளும் நிறைந்து கையில் மிச்சம் இருந்தால் இவற்றுக்குச் செலவிடுங்கள். மிச்சமில்லையெனில் ஒன்றும் குறைந்துவிடாது.

6. சீட்டில் வரவே கூடாதவை

ஒன்று, வட்டி. விருந்துக்காக வட்டிக்கு வாங்குவது, சுன்னத்தை நிறைவேற்ற ஹராமைச் செய்வதாகும். வட்டியில்லாக் கைமாற்றாயினும் திருப்பித்தர வழியிருந்தால் மட்டும் வாங்கி, 2-ஆம் அத்தியாயம் 282-ஆம் வசனம் பணிப்பதுபோல் எழுதி வையுங்கள். கடன் விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் முன்வராமல், தோழர்களைத் தொழுதுகொள்ளச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். மொய் வரும், கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வராத பணத்தைச் செலவிடுவது ஆபத்து. வந்த மொய்யும் பல ஊர்களில் திருப்பிச் செய்ய வேண்டிய கடனாகவே எண்ணப்படுகிறது.

இரண்டு, கைக்கூலி. பெண் வீட்டாரிடம் ரொக்கம், நகை, சாமான், விருந்து என்று கேட்டு வாங்குவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. கொடுக்க வேண்டியவன் ஆண். அவன் வாங்கி, அதில் ஒரு பகுதியை மஹரென்று திருப்பிக் கொடுத்தால் அது யாருடைய பணம்? நாட்டின் சட்டமும் இதை அறிந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், ஷரீஅத் சட்டத்துக்கு உட்பட்டவர்களின் மஹரை வரதட்சணையில் சேர்க்கவில்லை. வரதட்சணை கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் குறைந்தது 5 ஆண்டுச் சிறையும், ரூ. 15,000 அல்லது வரதட்சணையின் மதிப்பு, இவற்றுள் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் பொதுவாக விதிக்கிறது.

பெண்ணைப் பெற்ற சகோதரர்களுக்கும் ஒரு சொல். நிக்காஹில் பெண் வீட்டாருக்கு ஷரீஅத் எந்தச் செலவையும் கடமையாக்கவில்லை. மகளுக்கு விரும்பிக் கொடுப்பதைத் தடுப்பார் இல்லை. கொடுப்பதை அவள் பெயரில் கொடுங்கள், பட்டியல் எழுதி இருதரப்பும் கையொப்பமிட்டு வையுங்கள். ஊர் வாய்க்கு அஞ்சி, இருக்கும் வீட்டை அடமானம் வைத்து மகளை அனுப்பாதீர்கள். இளைய மகளுக்கும் அந்த வீடுதானே நிழல்!

7. திருத்திய சீட்டு

வந்த தகப்பனாரும் நானும் உட்கார்ந்து, கையிலிருந்த நாலு லட்சத்தை மட்டும் வைத்து மீண்டும் எழுதினோம்:

மஹர், நகையாக – ரூ. 1,20,000
குடித்தனம் – ரூ. 70,000
வலீமா, ஏழைகள் உட்பட 250 பேர் – ரூ. 75,000
வலீமாப் பந்தல், பாத்திர வாடகை – ரூ. 30,000
மணமக்கள் உடை – ரூ. 30,000
அழைப்பு, வண்டி, பதிவு – ரூ. 25,000
அவசரத்துக்குக் கைமுதல் – ரூ. 50,000

ஆக மொத்தம் நாலு லட்சம். நிக்காஹ் பள்ளிவாசலில். ஜமாஅத் புத்தகத்தில் பதிவதோடு, 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திலும் பதிந்துவிட வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன்.

அவர் நெடுநேரம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு பேர் என்ன சொல்வார்கள் ஹஜ்ரத்?" என்றார்.

"அந்த நாலு பேர் அடகுக் கடைக்கு வட்டி கட்ட வருவார்களா பாய்?" என்று கேட்டேன்.

எல்லாம் எழுதியபடியே நடந்ததென்று சொல்ல மாட்டேன். மாமன் முறையுள்ளவர் பிடிவாதமாகத் தம் செலவில் விளக்குப் போட்டார். பட்டியலும் முந்நூறைத் தாண்டி, கைமுதலில் பாதி கரைந்தது. ஆனால் நகை அடகுக்குப் போகவில்லை. நிக்காஹ் சபையில் மஹர் நகை நிறை சொல்லிக் கொடுக்கப்பட்டது. பதிவுப் புத்தகத்தில் "ரொக்கம்" "கடன்" என்ற இரு சொற்களில் கடன் என்பதை அடித்துவிட்டு நான் எழுதிய நிக்காஹ்களில் அதுவும் ஒன்று.

8. நினைவில் வைக்க

வினா: கலியாணச் சீட்டில் முதல் வரி எது?
விடை: மஹர். அதைக் கொடுத்துவிடுவது மேல். தவணை பேசினால் அது கடன்.

வினா: பணம் போதாவிட்டால் எங்கிருந்து குறைப்பது?
விடை: கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி. முதலில் அலங்காரம், பிறகு விருந்தினர் எண்ணிக்கை. மஹரிலும் குடித்தனத்திலும் கை வைக்கலாகாது.

வினா: வசதியில்லாதவர் வலீமாவை விட்டுவிடலாமா?
விடை: இயன்றதைக் கொண்டு நடத்த வேண்டும். பேரீச்சம்பழமும் நெய்யும் வலீமாவாகியிருக்கின்றன.

சகோதரர்களே! இன்றிரவே உங்கள் வீட்டுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நிக்காஹ் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டவர்கள், தம் மனைவியின் மஹர் கொடுக்கப்பட்டதா என்று எண்ணிப் பாருங்கள்; இல்லையென்றால் இன்னும் காலம் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். கடமையை முன்வைத்துக் குடும்பத்தைத் தொடங்குவோருக்கு வல்ல நாயன் பரக்கத் செய்வானாக! ஆமீன்.